தேவசகாயத்தின் பல்

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பெரம்பலூரிலிருந்து அரியலூர் ரயிலுக்கு ஆள் ஏற்றிப்போன எங்கள் பஸ் கரியில் ஓடியது. பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் அடுப்பு. அதில் கரி கனன்று வரும் புகைதான் எஞ்சினுக்குத் தீனி. கரியைத் தாங்குவது ஓர் இரும்புத் தட்டு. அது நடுவழியில் உடைந்தால் நெருப்பு ரோட்டில் கொட்டும், ரயில் போய்விடும், கண்டக்டரான நான் பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரிடமும் திட்டு வாங்குவேன்.

அந்தத் தட்டுகளைச் சோதிப்பவர் வரதராசன்பேட்டை தேவசகாயம். வார்ப்புப் பட்டறையிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டையும் ஏழு தடவை சிவக்கக் காய்ச்சி, ஏழு தடவை ஆறவிட்டு, கம்பியில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டுவார். நல்ல தட்டு நெடுநேரம் ரீங்கரிக்கும். கீறல் விழுந்தது சட்டென்று அடங்கிவிடும். ஒரு தட்டுக்கு ஒரு பகல் ஆகும். நெருப்பெதிரே உட்கார்ந்து புருவமே கருகிப்போயிருந்தது. சாயங்காலம் எழும்போது "சேசுவே" என்று முழுதாகச் சொல்லவும் அலுத்து, "சேசு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அவருக்குக் காது போனது எனக்கு மட்டும்தான் தெரியும். நேரே நின்று பேசினால் வாயசைவில் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் அவர் முதுகுப்பக்கம் நின்று, முதலாளி இராமலிங்கத்தின் கீழத்தெரு இரண்டாம் குடித்தனத்தை ராகம் போட்டுச் சொன்னேன். கொட்டகையே சிரித்தது. அவர் திரும்பி, "ஆமாமா, வெயிலு ஜாஸ்திதான்" என்றார். முதலாளி பேச்சில் மாட்டாமல் நழுவுகிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

தனியே பிடித்துக் கேட்டதும் ஒப்புக்கொண்டார். கம்பி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு தட்டுவாராம். அதிர்வு தாடையில் ஏறுமாம்.

"மொதலாளிக்குத் தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிச்சுடுவாருடா வேம்பு. செவிடனுக்கு எவன் வேலை குடுப்பான்? இன்னாசிமேரியும் பொண்ணுங்களும் என்னத்தத் திம்பாங்க?"

ஒரு காலையில் பஸ்ஸின் தட்டு உடைந்திருந்தது, சோதித்து முடித்த மாற்றுத் தட்டு இல்லை. முந்தின நாள் ஆறு தடவை காய்ச்சிய ஒன்றுதான் இருந்தது. முதலாளியே வந்து நின்றார்.

"தட்டிப் பாருய்யா, நேரமாவுது."

தேவசகாயம் கம்பியைக் கடித்துத் தட்டினார். "வேணாங்க. கீறல் இருக்கு."

"எங்கய்யா இருக்கு? கணீர்னு கேக்குதே! ஒனக்குக் கேக்கலையா?"

பஸ் கிளம்பும் நேரத்தில் முதலாளிக்கு எந்தச் சத்தமும் கணீர்தான். "ஆமாங்க" என்றிருந்தால் காரியம் முடிந்தது. தேவசகாயம் பஸ்ஸைப் பார்த்தார். பின் சீட்டில், அடுப்பை ஒட்டி, பிள்ளைகளோடு நாலு பெண்கள்.

"கேக்கலைங்க. ரெண்டு வருசமா எதுவுமே கேக்கலைங்க. பல்லுலதான் பாக்கறேன். இது பல்லுல நிக்கலைங்க."

முதலாளி அந்தக் கம்பியைப் பார்த்தார், பிறகு அவர் வாயைப் பார்த்தார்.

"ஏழாவது வாட்டி காச்சு," என்றார் முதலாளி. "ஒடையலைன்னா நீ கெளம்பு."

பஸ் அதுவரை காத்து நின்றது. ஆட்கள் முணுமுணுத்தார்கள். சிவந்த தட்டு ஆறிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று இரண்டாயிற்று. அந்தச் சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

முதலாளி துண்டுகளைக் காலால் தள்ளினார். "பல்லு இருக்கிற வரைக்கும் இருய்யா. நாளையிலேருந்து இன்னொரு அடுப்பும் போடு. ஒரு நாளைக்கு ரெண்டு தட்டு பாரு."

வேலை தங்கியது, கூடவே இன்னொரு நெருப்பும் வந்து சேர்ந்தது. தேவசகாயம் மெல்ல உட்கார்ந்தார். நாக்கால் எதையோ தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேல்பல்லு ஒண்ணு ஆடுதுடா. யார்ட்டயும் சொல்லிறாத."

ஊரில் இத்தனை பேர் இருக்க, வாய் நிற்காத என்னிடம்! பெட்ரோல் திரும்பி வந்து, கரி அடுப்பைக் கழற்றிப் போடும்வரை நான் மூச்சு விடவில்லை. யுத்தத்தில் நான் பட்ட பெரிய கஷ்டம் அதுதான்.