ஒய் கட்டத்தில் ஒட்டிய யானை

முப்பது வயதில் நான் இரண்டாம் முறையாக ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில், தொண்ணூறுகளின் பிற்பாதியில். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. வாரத்தில் அரைநாள் வகுப்புக்கு வந்து உதவக்கூடிய அம்மாக்கள் வேண்டும் என்று அவளுடைய ஆசிரியை ஒரு மஞ்சள் தாள் அனுப்பியிருந்தார். என்னிடம் வேறு எது இருந்ததோ இல்லையோ, நேரம் இருந்தது. கணவரின் வேலையை நம்பி வந்த டிபென்டன்ட் விசா, நான் வேலை பார்க்கக்கூடாது. கோவையில் வாங்கிய தாவரவியல் எம்.எஸ்சி. பட்டம் அலமாரியில், சூட்கேஸுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. புதன்கிழமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அந்தப் புதன்கிழமைகளை இப்போது தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே நீளமான புதன்கிழமையாகத்தான் நினைவில் இருக்கிறது. வெளியே பனி. ஜன்னல்கள் தாழ்வானவை, குழந்தைகள் உயரத்துக்கு. பனியில் பட்ட வெளிச்சம் கீழிருந்து மேலே வரும். அதனால் அறையின் கூரைதான் முதலில் விடியும். ஹீட்டர் மெல்ல முனகிக்கொண்டே இருக்கும். அதன் மேல் இருபது ஜோடிக் கையுறைகள் காய்ந்துகொண்டிருக்கும். ஈரக் கம்பளியும் மெழுகுக் கிரேயானும் கலந்த வாசனை. நடுவில் ஒரு நீலக் கம்பளம், அதில் சம்மணமிட்டுக் குழந்தைகள். ஆசிரியை நரைத்த முடிக்காரர், மிக உயரம், ஆனால் பேசும்போது குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அவ்வளவு மெதுவாகப் பேசி இருபது பேரைக் கட்டிப்போடலாம் என்று நான் நம்பியதே இல்லை. எங்கள் ஊரில் ஒன்றாம் வகுப்பு என்றால் தெருமுனைக்குக் கேட்கும்.

எனக்கு மூலையில் ஒரு குட்டி நாற்காலி. உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். குழந்தைகள் ஒவ்வொருவராக மெல்லிய புத்தகத்தோடு வந்து என் பக்கத்தில் நின்று வாசிப்பார்கள். வாசித்து முடித்தால் அவர்கள் பெயருக்கு நேரே நான் ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு விரல் எழுத்துகளின் கீழே ஊர்ந்து போகும். திடீரென்று ஓர் எழுத்துக்கூட்டம் சொல்லாக மாறும். அந்தக் கணத்தில் குழந்தையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சலிக்கவில்லை. நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் மூன்று மாதம் யாருக்கும் எதுவும் தெரியாமல் ஓடியது.

அப்புறம் அந்தப் பயிற்சித் தாள் வந்தது. பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள். ஒவ்வொன்றையும் வெட்டி, அந்தச் சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்தக் கட்டத்தில் ஒட்ட வேண்டும். என் மகள் ஒய் என்ற இங்கிலீஷ் எழுத்தின் கட்டத்தில் யானையை ஒட்டியிருந்தாள். பக்கத்தில் முட்டை. அதற்குப் பக்கத்தில் மடக்கிய முழங்கை. இவை மூன்றும் இருக்க வேண்டிய இங்கிலீஷ் ஈ கட்டம் சுத்தமாகத் துடைத்து வைத்த தட்டு மாதிரி காலி. ஓரங்களில் பசை பிதுங்காமல், எவ்வளவு அக்கறையாக ஒட்டியிருந்தாள் என்பதும் தெரிந்தது.

குழந்தைகள் விளையாடப் போனபின் ஆசிரியை அதை என்னிடம் காட்டினார். இது முதல் தடவை அல்ல என்றார். இவள் புத்திசாலி, ஆனால் ஒலிகளை இவளுடைய காது சரியாகப் பிரிக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது என்றார். வாசிப்புக்கென்று பள்ளியில் தனியாக ஓர் ஆசிரியை உண்டு, இன்னும் மூன்று வாரத்தில் அவர் ஒரு சோதனை வைப்பார், அது சரியாக அமையாவிட்டால் இன்னொரு வருடம் ஒன்றாம் வகுப்பிலேயே இருப்பது குழந்தைக்கு நல்லது என்று, பூ வைத்துவிடுவது போல மென்மையாகச் சொன்னார். எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அதற்கு எங்கள் ஊரில் ஒரே பெயர்தான். ஃபெயில். எங்கள் இரண்டு குடும்பத்திலும் தேடினாலும் ஒன்றாம் வகுப்பில் ஃபெயிலான ஆள் கிடைக்கமாட்டார்.

உடனே எனக்கு ஒரு விளக்கம் தோன்றியது. தோன்றினால் சும்மா இருக்கமாட்டேன். எங்கள் மொழியில் இந்த விலங்குக்கு யானை என்று பெயர், குழந்தை தமிழில் நினைத்து ஒட்டிவிட்டாள் என்றேன். ஆசிரியை முகம் மலர்ந்தது. யானை, யானை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். எனக்கும் ஏதோ கண்டுபிடித்த பெருமை. பிறகு அவர் பென்சில் முனையை அடுத்த படத்தில் வைத்து, இதற்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டார். முட்டை. அதற்கடுத்தது? முழங்கை. முட்டையும் முழங்கையும் சேர்ந்து என் காலை வாரிவிட்டன.

அன்று மதியம் வீட்டில், சமையலறைத் தரையில் அவளை உட்காரவைத்து, முட்டைக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டேன். சொன்னாள். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. சரியாகத்தானே சொல்கிறாள் என்று குழம்பி, டீச்சர் எப்படிச் சொல்வார் என்று கேட்டேன். அவள் முதுகை நிமிர்த்தி, ஆசிரியையைப் போலவே கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தபடியே அந்தச் சொல்லைச் சொன்னாள். அப்போதுதான் முதன்முறையாக எனக்குக் கேட்டது. அதன் முன்னால் ஏதோ ஒன்று இல்லை.

"டீச்சர் சில வேர்ட்ஸ்ல ஒய்ய விட்டுடறாங்கம்மா" என்றாள், இரக்கத்தோடு. "நீ விடறதே இல்ல."

நீங்களும் இப்போதே சொல்லிப் பார்க்கலாம். எலி, எறும்பு, என்ன, எங்கே. எழுதுவது எ. ஆனால் பேசும்போது நாக்கு கேட்காமலேயே முன்னால் ஒரு ய் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யெலி, யெறும்பு, யென்ன. தமிழில் அது யாருக்கும் உறுத்துவதில்லை, அது அங்கே இருப்பதே தெரிவதில்லை. ஆனால் அதே நாக்கைத்தான் நான் அமெரிக்காவுக்கும் எடுத்து வந்திருக்கிறேன். யெக். யெல்போ. யெலிஃபன்ட். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தாடையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். விட்டேனா பார் என்று அந்த ய் வந்துகொண்டே இருந்தது. என் சொந்தப் பட்டத்தையே இத்தனை வருடமாக யெம்மெஸ்ஸி என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவள் நாலு வயதில் இங்கே வந்த நாளிலிருந்து நான்தான் அவளுக்கு வாசித்தேன். நூலகத்திலிருந்து ஒரு தடவைக்குப் பத்துப் புத்தகம். மதியம் ஜன்னலோரம் வெயில் விழும் இடத்தில் ஒரு போர்வையை விரித்து, வெயில் நகர நகரப் போர்வையையும் இழுத்துக்கொண்டே வாசிப்போம். முயல், படகு, நிலா, ரொட்டி சுடும் கரடி. அந்த மதியங்களில் எத்தனை பக்கம், எத்தனை சொல். அத்தனையிலும் என் நாக்கு தன் கைவேலையைக் காட்டியிருக்கிறது. அவள் காது பழுதில்லை. அது கேட்டதை ஓர் இம்மியும் விடாமல் எடுத்து வைத்திருக்கிறது.

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் இறங்கி வந்த கணவரிடம் மாலையில் சொன்னேன். அவர் எதற்கும் உடனடித் தீர்வு வைத்திருப்பவர். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இனிமேல் வீட்டில் தமிழை ஸ்டாப் பண்ணிவிடலாம், ஆபீஸில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், இங்கிலீஷ் மட்டும் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது.

"யாரோட இங்கிலீஷுங்க? என்னோடதா, உங்களோடதா?" என்றேன்.

அவர் யோசித்துவிட்டு, "யெனிவே, லெட் அஸ் ஸீ" என்றார். நான் சாதம் போட்டேன்.

அடுத்த புதன்கிழமை, குழந்தைகள் வருவதற்கு முன்பே போய்விட்டேன். இரவெல்லாம் பனி விழுந்து நின்றிருந்தது. வகுப்பறையில் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. என் வாயால் இதைச் சொல்வதற்கு எனக்கு அவ்வளவு கூச்சம். கல்லூரியில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் நான். யாராவது திருத்தினால் முகம் சுண்டிப்போகும் ஜாதி. ஆனாலும் தாளை எடுத்து ஆசிரியையின் முன்னால் வைத்து, ஒவ்வொரு படமாகத் தொட்டு, என் குரலில் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாவது சொல்லில் கண்ணைத் திறந்தார். தவறு என்று தான் பென்சிலால் போட்டிருந்த வட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தார். குழந்தை கேட்டதைக் கேட்டபடி ஒட்டியிருக்கிறாள், இதில் ஒரு தவறும் இல்லை என்றார். அந்தப் பெண்மணியின் காலில் விழலாம் போலிருந்தது.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. சோதனை வைக்கப்போவது இன்னொருவர், அவர் இந்த ஊர் உச்சரிப்புக்குத்தான் மதிப்பெண் போடுவார். ஆசிரியை சொன்னார்: நான் பலமுறை சொல்லிவிட்டேன், அவள் மரியாதையாகத் தலையாட்டுகிறாள், ஆனால் தன் வழியிலேயே ஒட்டுகிறாள், நீங்கள் சொன்னால் கேட்பாள்.

சொல்ல எனக்குப் பத்து நாள் ஆயிற்று. இன்று சொல்லலாம் என்று நினைப்பேன். அவள் போர்வையை இழுத்துக்கொண்டு வருவாள். எ வராத பக்கங்களாகப் பார்த்து வாசித்துச் சமாளிப்பேன். அப்படிப்பட்ட பக்கங்களே இல்லை என்பது வேறு கதை. அந்தப் பத்து நாளும் வெளியே ஒரே வெள்ளை, மரங்கள் அசையவில்லை, நாள் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்றே தெரியாது. சோதனைக்கு முந்தைய ஞாயிறு மதியம், இனித் தள்ள முடியாது என்று ஆனபோது, புத்தகத்தை மூடி வைத்தேன்.

"கண்ணு, டீச்சர் சொல்றதுதான் சரி."

அவள் என் வாயையே பார்த்தாள். "அப்ப நீ சொல்றது?"

இன்றைக்கு என்னிடம் அதற்குப் பத்துப் பதில் இருக்கிறது. இரண்டும் சரி, அது அந்த ஊர் நாக்கு, இது நம் ஊர் நாக்கு, இரண்டையும் வைத்துக்கொள் என்று அழகாகச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என் தலைக்குள் ஃபெயில் என்ற ஒரே சொல்தான் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் மறுபடியும் குழம்பிவிடக்கூடாது, கொஞ்சமும் சந்தேகம் வைக்கக்கூடாது என்ற அவசரம்.

"அம்மா சொல்றது தப்பு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். கொஞ்ச நேரம் போர்வையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எல்லாமேவா?" என்று கேட்டாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இங்கிலீஷில் எல்லாமே டீச்சர் மாதிரியே சொல்லு என்றேன். சரி என்றாள்.

சோதனை ஒரு வியாழக்கிழமை நடந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அவள் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைப்பது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. வெளியே வந்த வாசிப்பு ஆசிரியை இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார். ஒன்றுகூடத் தப்பில்லையாம். இரண்டாம் வகுப்பைப் பற்றி இனிக் கவலையே வேண்டாமாம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

திரும்பி நடந்து வந்தோம். பனி உருகத் தொடங்கியிருந்தது, ஓரங்களில் நீர் ஓடும் சத்தம். எங்கள் குடியிருப்பின் வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள். அவள் நின்றாள். பெரிய எழுத்துகள், அவள் அதுவரை பார்த்திராத நீளமான சொல். விரலை நீட்டி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போனாள். பாதியில் சிக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். அதில் எ கூட இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

"வேண்டாம்மா" என்றாள், மிக மெதுவாக, எனக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்பவள் போல. "நாளைக்கு டீச்சர்கிட்ட கேட்டுக்கறேன்."