ஒன்றரை இருமல்

சிலருக்கு நிலம் இருக்கிறது, சிலருக்குப் பதவி இருக்கிறது. நம் ஏசிக்காரருக்கு ஓர் இருமல் இருந்தது. சாதாரண இருமல் என்று நினைத்துவிட வேண்டாம். இசைத்தட்டில் பதிவாகி, கடையில் விலைக்கு விற்ற இருமல். ஒரு பெரிய ஜாஸ் கலைஞரின் கடைசி ஆல்பத்தில், இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டில், டிரம்பெட் ஓய்ந்து, டிரம்ஸ்காரரும் கையை எடுத்துவிட்ட ஒரு மௌனத்தில் அது வரும். முதலில் ஒரு முழு இருமல். அடுத்தது வெளியே வந்தும் வராமலும் தொண்டையிலேயே விழுங்கப்பட்ட அரை இருமல். ஆக மொத்தம் ஒன்றரை.

அப்போது அவருக்குக் கல்யாணமான புதிது. ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் ஏசியைப் பார்த்துக்கொள்கிற வேலை. பதிவு நடக்கும்போது ஏசி ஓடக் கூடாது, அதன் ரீங்காரம் மைக்கில் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அணைத்து, முடிந்ததும் போட வேண்டும். அணைப்பதற்கு யார் வேண்டுமானாலும் போதும். போடுவதற்குத்தான் நம் ஆள் வேண்டும். அந்தப் பழைய யந்திரம் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளம்ப அடம் பிடிக்கும். மூடியைத் திறந்து, உள்ளே ஓர் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எந்த இடம் என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. வேலை நிலைக்க வேண்டுமென்றால் சிலவற்றைச் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி.

கதவைத் திறந்து மூடினால் சத்தம் வரும் என்பதால், வாசிக்கிற அறைக்குள்ளேயே ஒரு தடுப்புக்குப் பின்னால் அவரை ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். டிரம்பெட்காரர் வயதானவர், உடம்புக்கு முடியாதவர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாசித்தார். அன்று காலை ஏசியின் ஃபில்டரைக் கழற்றித் தட்டியிருந்தார் நம் ஆள். அந்தத் தூசி அதுவரை சமர்த்தாக இருந்துவிட்டு, கடைசிப் பாட்டின் அந்த மௌனத்தில் அவர் தொண்டையைப் பிடித்தது. வாயைப் பொத்தினார், மூச்சை அடக்கினார், கண்ணில் நீர் முட்டியது. ஒன்று வந்துவிட்டது. இன்னொன்றைப் பாதியில் விழுங்கினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். டிரம்பெட்காரர் மட்டும் அசரவில்லை. வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுக்காமல், இரண்டு சுரம் ஊதினார். ஒன்று முழுசு, ஒன்று விழுங்கினது. அப்படியே அதிலிருந்து கிளம்பி மிச்சப் பாட்டை வாசித்து முடித்தார்.

"மறுபடி எடுத்துடலாம் ஐயா," என்று ஒலிப்பதிவாளர் ஓடி வந்தார்.

"எதுக்கு? அவர் ஒண்ணு கேட்டார், நான் பதில் சொன்னேன். பேசினதைத் திரும்பப் பேசினா நல்லாவா இருக்கும்?" என்ற பெரியவர், தடுப்புப் பக்கம் திரும்பி, "தம்பி, ஏசியைப் போடுங்க, வேகுது," என்றார்.

தட்டு வெளிவருவதற்குள் பெரியவர் போய்விட்டார். இருமல் மட்டும் தட்டில் தங்கிவிட்டது.

ஏசிக்காரருக்கு ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தட்டை வாங்கியது தன் இருமலைக் கேட்கத்தான். ஆனால் முள்ளைச் சரியான இடத்தில் இறக்க அவருக்குக் கை வராது. சில சமயம் இருமலைத் தாண்டி விழும், சில சமயம் வேறு பாட்டில் போய் விழும். வெறுத்துப்போய், முதல் பக்கத்திலிருந்தே போட்டுவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார். அப்படிக் காத்திருந்ததில் அந்த ஆல்பம் அவருக்குள் குடியேறிவிட்டது. இளமையில் உச்சிச் சுரத்துக்குப் போய் நின்ற பெரியவர், இதில் உச்சிப் பக்கமே போக மாட்டார். அதன் அடிவாரத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து, இங்கேயும் நிழல் நன்றாகத்தான் இருக்கிறது என்பார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் மூச்சை இழுப்பது கேட்கும். ஒரு வரி நடுவில் காற்று போதாமல் சுரம் உடைந்துபோகும். உடைந்ததை மறைக்க மாட்டார், அந்த உடைசலையே எடுத்து அடுத்த வரியைத் தொடங்குவார். அந்த இடம் வந்தால் ஏசிக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். பக்கத்தில் யார் இருந்தாலும், "பார்த்தீங்களா, பார்த்தீங்களா," என்பார், ஏதோ அந்தச் சுரத்தையும் தான்தான் ரிப்பேர் பார்த்துக் கொடுத்தது போல.

அவர் மனைவி இதில் சளைத்தவர் அல்ல. முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஆல்ட்ரேஷன் செய்கிறவர். இடுப்புப் பிடிப்பது, கை குறைப்பது, கல்யாணத்துக்குப் பின் பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்துவிடுவது, எல்லாம் அவர் கைவண்ணம். விருந்தாளி யாராவது வந்து, கணவர் தட்டை எடுக்கப் போனால் மெஷினை நிறுத்தாமலே சொல்வார்.

"அது இவர் இருமல்தான்னு என்னங்க அத்தாட்சி? இருமல்ல பேரா எழுதியிருக்கு?"

"என் இருமல் எனக்குத் தெரியாதா?"

"ஊர்ல இருமுற எல்லாரும் இப்படிச் சொல்லிட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?"

விருந்தாளிகள் சிரிப்பார்கள், ஏசிக்காரரும் சிரிப்பார். வீட்டில் இது பல வருஷமாக ஓடுகிற நாடகம். வசனம் இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

ஆனால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டினால் தட்டு எத்தனை நாள் தாங்கும்? பிற்பாடு முள்ளை இறக்கவும் பழகிக்கொண்டாரல்லவா, அந்த ஒரே இடத்தில் இறக்கி இறக்கி, இருமலை அவரே தேய்த்துத் தீர்த்துவிட்டார். ஒருநாள் முள் அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு தாவுத் தாவி, பாட்டின் முடிவில் போய் நின்றது. மற்ற பாட்டெல்லாம் பழுதில்லை. இருமலும் பதிலும் மட்டும் போய்விட்டன. மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மகளுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை நல்ல பையன், மாமனார் சொன்னதையெல்லாம் நம்பினான். அவன் அப்பா, அதாவது சம்பந்தி, அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கண்ணால் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார். "அப்படியா சம்பந்தி? அடுத்த தடவை வரும்போது கேட்டுடுவோம்," என்று அவர் சிரித்த சிரிப்பில், காப்பியடித்தவனைப் பிடித்த களை இருந்தது.

அப்பாவின் மானத்தைக் காப்பாற்றியாக வேண்டுமே என்று மகள் தேடியபோது, அந்த ஆல்பமே புதிதாக வெளிவந்திருப்பது தெரிந்தது. புது அட்டை, பளபளவென்று புதுத் தட்டு. வாங்கி அனுப்பிவிட்டாள். ஏசிக்காரர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் உறையைப் பிரித்தார்.

முதல் பாட்டிலேயே அவருக்கு என்னவோ போல் இருந்தது. எல்லாம் சுத்தமாக இருந்தது. பெரியவர் மூச்சு இழுப்பது கேட்கவில்லை. சுரம் உடைகிற இடத்தில் உடையவில்லை. யாரோ ஒட்டி, மெழுகி, அதன் மேல் வயலின்களைக் கூட்டமாகப் படுக்க வைத்திருந்தார்கள். வாசிப்பு அதேதான், வாசித்தவரைத்தான் காணோம். கடைசிப் பாட்டு வந்தது. மௌனம் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு தட்டின் மேலேயே குனிந்தார். மௌனம் மௌனமாகவே இருந்தது. பிறகு டிரம்பெட் இரண்டு சுரம் சொன்னது. ஒன்று முழுசு, ஒன்று விழுங்கினது.

அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தேவையற்ற சத்தங்கள் யாவும் நீக்கப்பட்டு மெருகேற்றப்பட்ட பதிப்பு என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் அந்தக் கம்பெனிக்காரர்கள் மேல் தப்பில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் அறைகளைக் குளிர வைத்துவிட்டு வெளியே வெயிலில் நின்ற மனிதர் அவர். தான் இருந்ததற்கு உலகத்தில் ஓர் இடத்தில் சத்தம் பதிவாகியிருக்கிறது என்பது அவருடைய ஒரே சொத்து. பழைய தட்டிலிருந்து அதை அவர் தேய்த்தார், புதுத் தட்டிலிருந்து கம்பெனி துடைத்தது. இனிமேல் அவர் சொல்வதற்குச் சாட்சியே இல்லை.

மனைவி வழக்கம்போல் ஆரம்பித்தார். "தேவையற்ற சத்தம், சாப்பிட வாங்க." அவர் வந்து உட்கார்ந்தார், சிரிக்கவில்லை. மறுநாளும் அந்த அம்மாள் விடவில்லை. "தேவையற்ற சத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?"

அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, "ஏன், ஒருவேளை நான் இருமவே இல்லையோ என்னவோ," என்றார். "வேற யாராவதா இருக்கும். நீ சொல்றதுதான் சரி."

அந்த அம்மாளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் கணவர் தோற்றுத் தான் ஜெயித்தது இதுதான் முதல் தடவை. இப்படி ஒரு ஜெயிப்பு தனக்கு வேண்டவே வேண்டாம் என்று தோன்றியது. சாயங்காலம் ஒரு பேண்ட்டின் காலைக் குறைக்கும்போது அளவு தப்பிக் கூடுதலாக வெட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சம்பந்தியும் வந்து இறங்கினார்கள். தேநீரைக் குடித்துக் கோப்பையைக் கீழே வைத்ததும் சம்பந்தி கையைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்க சம்பந்தி, அந்தப் பிரபலமான இருமல்?"

"அது போகட்டும் விடுங்க. தட்டு தேஞ்சுபோச்சு."

"புதுசு அனுப்பினேனே அப்பா?" என்றாள் மகள், விஷயம் தெரியாமல்.

மாப்பிள்ளை அதற்குள் எழுந்துபோய்ப் புதுத் தட்டைப் போட்டுவிட்டான். "கடைசிப் பாட்டுத்தானே மாமா?"

ஏசிக்காரரின் முகம் தொங்கிப்போனது. தடுக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். முன்னறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டிரம்பெட் தணிந்து கொண்டே வந்தது. பேஸ் வாத்தியம் நின்றது, டிரம்ஸ் நின்றது.

சட்டென்று தையல் மெஷினும் நின்றது. அந்த மௌனத்தில் முன்னறையிலிருந்து ஓர் இருமல் வந்தது. ஒரு முழு இருமல், அடுத்தது பாதியில் விழுங்கியது.

டிரம்பெட் இரண்டு சுரம் பதில் சொன்னது.

சம்பந்தி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். கழுத்தில் அளவு டேப்போடு அந்த அம்மாள் வாசலில் நின்றார்.

"இருமல் உங்களுக்கா சம்பந்தியம்மா?"

"எனக்கு இல்லைங்க, இவருக்கு. இந்த இடத்துல இவர் இருமினார், அந்தப் பெரியவர் பதில் சொன்னார். புதுசாப் போட்டவங்க கேள்வியைத் தூக்கிட்டுப் பதிலை மட்டும் வச்சிருக்காங்க. ஆல்ட்ரேஷன்னா இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். உள்ளே இருக்கிற ஆளை வெளியே தள்ளிட்டுத் தைக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

பரீட்சைக் கண்காணிப்பாளர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "அதே மாதிரிதான் ஊதுறார்," என்றார் மெதுவாக. "ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு."

ஏசிக்காரர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் எந்த இடத்தில் வரும், எவ்வளவு நீளம், எங்கே விழுங்க வேண்டும் என்பதெல்லாம் மயிரிழை பிசகாமல் வந்திருக்கிறது. இத்தனை வருஷமும் மெஷினை ஓட்டிக்கொண்டே இந்த அம்மாள் என்னதான் கேட்டுக்கொண்டிருந்தாள்?

"அத்தை, இன்னொரு தடவை போடட்டுமா?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

"போடுங்க மாப்பிள்ளை. இந்தத் தடவை அவரே இருமட்டும்." கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, தயாரா இருங்க. உங்க இருமல், நீங்கதான் இருமணும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்துகொண்டார். பாட்டு தணிந்தது, மௌனம் வந்தது. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அன்றைக்கு அடக்க அடக்கக் கேட்காமல் வந்த இருமல், இன்றைக்குக் கூப்பிட்டும் வரவில்லை. கண்ணில் நீர்தான் முட்டியது.

பெரியவரைக் காக்க வைக்க முடியாதல்லவா? இரண்டாவது தடவையும் அந்த அம்மாளேதான் இருமினார்.