பார்க்காத கடைக்குக் கொடுத்த அனுமதி

வைத்தியர் எழுதித் தராமலே விற்கக்கூடிய காய்ச்சல், தலைவலி மாத்திரைகளைத் தேயிலைத் தோட்டத்துக் கடைகளில் வைக்க அனுமதிப் பத்திரம் வேண்டும். அதற்காகக் கடைக்காரர்கள் ஆண்டுதோறும் அரசாங்கத்துக்குக் கட்டணம் கட்டினார்கள். அதிகாரிகளான நாங்கள் நேரில் போய்ச் சோதிப்பதற்குத்தான் அந்தக் கட்டணம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பதுளையில் சோதிக்கும் அதிகாரி நான்தான். பெரும்பாலும் போகவில்லை.

தெமோதரைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்து இதற்கு வழி காட்டினார்.

“அம்புட்டுத் தூரம் ஏறி வந்தா ரத்தம் குடிக்கிற அட்டைக்குத்தாங்க விருந்து. ஐயா இங்கயே இருங்க, மருந்துப் பொட்டிய நானே கொண்டாந்து காட்டிப்புடுறேன்.”

“அப்ப பெட்டியை நல்லாத் துடைச்சுக் கொண்டு வாரும்,” என்றேன். இருவரும் சிரித்தோம்.

அதுவே வழக்கமாயிற்று. கட்டணம் கட்டும் நாளில் கடைக்காரர்கள் மருந்துகளை அடுக்கிய பிஸ்கட் தகரங்களோடு என் மேசை முன் நிற்பார்கள். ‘கடை பார்வையிடப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிடுவேன். பயணப்படியும் வாங்கினேன்.

தகரத்தில் வராத போத்தல் ஒன்று அந்தத் தெமோதரைக் கடையில் இருந்திருக்கிறது. அதில் வைத்தியர் சொல்லாமல் விற்கவே கூடாத கடும் வலி மாத்திரைகள். முதுகுவலிக்கு அவற்றைத் தினமும் விழுங்கிய தொழிலாளி ஒருவர், வயிறு புண்ணாகி, இரத்தமாக வாந்தி எடுத்து இறந்துபோனார். அவருடைய மனைவி மீதி மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தார். கடையில் விற்கக்கூடாதவை என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“கடையில கவுருமெண்டு பத்திரம் மாட்டியிருக்கு. அத நம்பித்தாங்க வாங்கிக் குடுத்தேன். நீங்க கடையப் போய்ப் பாத்தீங்களாய்யா?”

“பார்த்துத்தான் குடுத்தனான்,” என்றேன்.

அவர் தன் கையிலிருந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்.

“அப்ப மருந்து நல்ல மருந்துதான். வலி பொறுக்கலன்னாரு. நாந்தான் ஒண்ணுக்கு ரெண்டா குடுத்துப்புட்டேன் போல.”

முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அந்தக் கடைக்கு முதன்முறையாக ஏறினேன். போத்தலை எடுத்துக்கொண்டேன், சுவரிலிருந்த பத்திரத்தைக் கழற்றினேன். அந்தப் பெண் இருந்த லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு, இரண்டு வளைவு மேலே, கடை வாசலிலிருந்தே தெரிந்தது. காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பஸ்ஸுக்கு இறங்கினேன்.

ஓய்வு பெறும்வரை எல்லாக் கடைகளுக்கும் ஏறினேன். அந்த லயத்துக்கு மட்டும் ஏறவில்லை. பிழை அவருடையதல்ல என்று அவரிடம் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். நான் சொல்லவில்லை.