ஓடைக்கு வெள்ளையடித்த கதை

போன வாரம் எங்கள் ஓடைக்குப் பரீட்சை. முந்தின நாளே அதை நாங்கள் கொன்றுவிட்டோம்.

பதறாதீர்கள்... அன்பால்தான்!

குன்னூரில் எங்கள் காலனிக்குப் பின்பக்கம் ஒரு சின்ன ஓடை. மேலே சோலைக்காட்டில் பிறந்து, டீ எஸ்டேட் வழியாக இறங்கி, என் சமையலறை ஜன்னலை ஒட்டிப் போகிறது. எட்டி ஒரு தாண்டு தாண்டினால் அக்கரை. அவ்வளவுதான் அகலம். சீசனுக்கு வரும் கார்களை நிறுத்த இடமில்லை அல்லவா? ஓடை மேல் கான்கிரீட் ஸ்லாப் போட்டுப் பார்க்கிங் ஆக்கிவிடலாம் என்று யாரோ ஒரு புண்ணியவானுக்கு யோசனை. ஓடையை மூடலாமா என்று கேட்டால், “அது ஓடையே இல்லை, சாக்கடை” என்று நகராட்சியிலிருந்து பதில் வந்தது. சாக்கடை என்றால் மூடலாமாம்.

சரி, ஓடையா சாக்கடையா என்று யார் சொல்வது?

அதற்காகத்தான் கோவையிலிருந்து தேன்மொழியை வரவழைத்தோம். காலேஜில் விலங்கியல் பேராசிரியை. போன மாதம் ஒரு நடை வந்து பார்த்தார். பாட்டிலில் தண்ணீர் பிடித்து லேபுக்கு அனுப்புவார் என்று நினைத்தேன். அவரோ பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, கற்களைப் புரட்டி, வலையில் சிக்கியதை ஒரு வெள்ளை டிரேயில் கொட்டினார். அம்மாடி! மூன்று வால் வைத்த பொடிப் பூச்சிகள். மணலைக் கோத்துச் சட்டை மாதிரி போட்டுக்கொண்ட புழுக்கள். என் ஜன்னலுக்குக் கீழே இத்தனை குடித்தனங்களா! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“இதுங்க நல்ல தண்ணியில மட்டும்தான் இருக்கும். தண்ணி கெட்டா முதல்ல போறதும் இதுங்கதான்” என்றார் தேன்மொழி. “அடுத்த மாசம் முனிசிபல் இன்ஜினியர் முன்னாடி முறையா பார்த்து ரிப்போர்ட் கொடுத்துடறேன்.”

இதைக் கேட்டிருக்க வேண்டியவர் எங்கள் காலனிச் சங்கச் செயலாளர் சென்னியப்பன். ஹார்டுவேர் கடைக்காரர். பார்க்கிங் வேண்டாம் என்று முதலில் கொடி பிடித்தவரே அவர்தான். ஆனால் அன்றைக்குப் பார்த்துத் திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ‘மேடம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாங்க’ என்ற தகவல் மட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்ஸ்பெக்‌ஷன்! அந்த ஒரு வார்த்தை போதாதா நமக்கு?

ஊட்டியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நான், பரீட்சை அன்று காலையில்தான் திரும்பினேன். ஓடைக்கு எதிரே ‘வருக வருக’ ஃப்ளெக்ஸ். மந்திரி வரும் ரோடு மாதிரி இரண்டு கரையிலும் வெள்ளை வெளேரென்று ப்ளீச்சிங் பவுடர். தண்ணீருக்குள்ளும் தாராளமாகக் கொட்டியிருந்தார்கள். பாசியைச் சுரண்டி, சருகை அள்ளி, கற்களைத் தென்னை நார் பிரஷால் தேய்த்து... வெலிங்டன் ராணுவ முகாம் பக்கம் ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்திருப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? அதே ஒழுங்கில் பெரிய கற்களுக்குச் சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள்.

“எப்படிங்கக்கா நம்ம ஓடை?” என்றார் சென்னியப்பன். முகம் முழுக்கப் பெருமை. “தலை தீபாவளிக்கு வர்ற மாப்பிள்ளைக்குக்கூட இப்பிடி ஊட்டைச் சுத்தம் பண்ணியிருக்க மாட்டோமுங்க!”

நான் வாயைத் திறப்பதற்குள் தேன்மொழியின் கார் வந்துவிட்டது. பின்னாலேயே இன்ஜினியரின் ஜீப்.

தேன்மொழி கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். ஒரு கல்லைப் புரட்டினார். இன்னொன்று. டிரேயில் கொட்டிய தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அடியில் அசையாமல் சில பொடிப் பூச்சிகள். மூன்று வாலும் அப்படியே இருந்தன, உயிர்தான் இல்லை.

“ஒத்தப் பூச்சி நெளியாதுங்க மேடம், நான் கேரண்டி!” என்றார் சென்னியப்பன்.

“உயிர் எதுவும் இல்லையா? அப்ப சாக்கடைன்னு எழுதிடலாம்” என்று இன்ஜினியர் ஃபைலைத் திறந்தார். பாவம், அவருக்கும் சீசன் நெருக்கடி.

தேன்மொழி நிமிர்ந்து சென்னியப்பனைப் பார்த்தார். “ஐயா, நான் பார்க்க வந்ததே அந்தப் பூச்சிங்களைத்தான். அதுங்க உயிரோட இருந்தாத்தான் இது ஓடை.”

சென்னியப்பனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்படியே சுண்ணாம்பு அடித்த கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப... நாந்தான் கொன்னுபோட்டனுங்களா?”

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, ஆனால் யார் மேல் காட்டுவது? நம் ஊரில் சுத்தம் என்றால் என்ன? எதுவும் நெளியக் கூடாது, முளைக்கக் கூடாது, பினாயில் வாசம் வர வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு அது சரி. ஓடைக்கு?

“மேல சோலையில இன்னும் உயிர் இருக்கு” என்றார் தேன்மொழி, இன்ஜினியரிடம். “மழை வந்தா தண்ணியோட இறங்கி வந்து மறுபடி குடியேறிடும். அதுவரைக்கும் இங்க யாரும் எதுவும் செய்யாம இருந்தாலே போதும். நான் திரும்ப வந்து பார்க்கிறேன்.”

இன்ஜினியர் வெள்ளைக் கற்களைப் பார்த்தார், சென்னியப்பனைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபைலை மூடினார். “சரி, மழை முடியட்டும்.”

எதுவும் செய்யாமல் இருப்பதா! ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு இதைவிடக் கொடுமையான தண்டனை உண்டா? மறுநாளே அவசரக் கூட்டம் போட்டார்கள். எதுவும் செய்யாமல் இருப்பதை மேற்பார்வையிட ஒரு கமிட்டி. கமிட்டிக்கு ஒரு தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள். டீயும் பஜ்ஜியும் நன்றாகவே இருந்தன.

சாயங்காலம் சென்னியப்பன் மீதிப் பவுடர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, இது உங்க ஊட்டுலயே இருக்கட்டுங்க. கடையில இருந்தா எனக்குக் கை சும்மா இருக்காதுங்க.”

வாங்கி வைத்திருக்கிறேன். வீடே ஆஸ்பத்திரியாக நாறுகிறது. போகட்டும், ஜன்னலுக்கு வெளியே ஓடை பிழைத்து எழுந்தால் சரி.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் — தேன்மொழி திரும்ப வரும் தேதியை மட்டும் யாரும் சென்னியப்பனிடம் சொல்லிவிடாதீர்கள்!