முதல் தாளில் நோய், இரண்டாம் தாளில் குற்றம்

புது மொழி ஒன்றைக் கற்கிறவன் வணக்கம், நன்றி, சோறு, தண்ணீர் என்றுதானே தொடங்குவான்? என் வீட்டுக்காரருக்கு வாய்த்ததோ காய்ச்சல், இருமல், திருட்டு, லஞ்சம், பொய். போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் ஆபீஸ் வைத்து, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் பாய் இரண்டு அச்சுத்தாள் கொடுத்தார். இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் லித்துவேனிய மொழி. முதல் தாள் முழுக்க நோய், இரண்டாவது முழுக்கக் குற்றம்.

"நல்ல வார்த்தையெல்லாம் போன பெறகு தானா வரும் தங்கச்சி. டாக்டர் முன்னாடியும் போலீஸ் முன்னாடியும் முழிக்கக் கூடாது பாரு, அதுக்குத்தான் இது" என்றார் பாய்.

ஷ்வேப்யிதாவில் என் வீட்டுக்காரர் துணி வெட்டிக்கொண்டிருந்த தையல் ஃபாக்டரியை இழுத்து மூடிவிட்டார்கள். லித்துவேனியாவில் சோபா உறை தைக்கும் கம்பெனிக்கு ஆள் எடுத்தார்கள். அந்த வேலை கிடைத்தால் குடும்பம் நிமிரும். இல்லையென்றால் என் இங்கிலீஷ் டியூஷனை நம்பி மூன்று வயிறு. எனக்கோ அவர் போகவும் வேண்டும், போகவும் கூடாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகும். அப்படி ஒரு அரிப்பு மனசுக்குள்.

பசுந்தாங்கில் இருக்கும் எங்கள் மாடி வீட்டின் அடுப்படியில்தான் பாடம். பர்மாவிலேயே பிறந்து படித்தவர் என்பதால், ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே பர்மிய எழுத்தில் உச்சரிப்பை எழுதிக் கொடுப்பேன். லிகா என்றால் நோய். கொசுலீஸ் இருமல். வகீஸ்தே திருட்டு. மெலாஸ் பொய். கீஷிஸ் லஞ்சம். அதை மட்டும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். "இது நம்ம ஊர்ச் சரக்கு புள்ள, மறக்குமா?" என்று சிரித்தார்.

என் மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வரும். "வெளக்கு வச்ச வீட்டுல நோவு நொடின்னு என்னடி பேச்சு? பயணம் போறவன் காதுல நல்லதா நாலு வார்த்த போடக் கூடாதா?"

"அத்தை, இதச் சொல்லலன்னா பயணமே கெடையாது" என்பேன். முணுமுணுத்தபடி திருநீற்றை எடுத்து வந்து மகன் நெற்றியில் பூசுவார்.

வீடியோவில் முதல் நேர்காணல் நடந்தது. கம்பெனி அம்மாள் இங்கிலீஷில் பேசிவிட்டு, சோதிப்பதற்காக லித்துவேனிய மொழியில் கேட்டாள்: கடந்த ஒரு வருஷத்தில் நோய் ஏதும் வந்ததா? "நெசிர்கௌ" என்றார் இவர். நோய்ப்படவில்லை என்று அர்த்தம். சுத்தமாக வந்தது உச்சரிப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுவாரம் மெடிக்கல். சட்டையைக் கழற்றச் சொன்ன டாக்டர் முதுகைப் பார்த்தார், மார்பைப் பார்த்தார். ஆறியும் ஆறாத தழும்புகள். போன வெயில் காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஆத்தா வந்திருந்தாள். வாசலில் வேப்பிலை கட்டினோம், மருந்து கொடுக்கவில்லை, தாளிக்கவில்லை, யாரையும் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றி, கோயிலுக்குக் கூழ் கொடுத்து அனுப்பிவைத்தோம். அம்மை போட்டிருந்தது என்றுகூட என் மாமியார் முன்னால் சொல்ல முடியாது. வந்தாள், விளையாடினாள், இறங்கினாள். அவ்வளவுதான். அதை நோய்க் கணக்கில் சேர்க்க என் வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை, சத்தியமாக எனக்கும் தோன்றவில்லை.

டாக்டர் அம்மைத் தழும்பு என்று எழுதி அனுப்பியதும் பாய் போனில் கத்தினார். "அம்மை வந்ததுல ஒரு தப்பும் இல்ல தங்கச்சி. மறைச்சதுதான் தப்பு! பொய் சொல்ற ஆளுன்னு எழுதிட்டா எல்லாம் போச்சு. நாளைக்கு இன்னொரு தடவ கேக்குறாங்க. நோய் வந்துச்சுன்னு ஒழுங்காச் சொல்லச் சொல்லு."

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "எம் புள்ளைக்கு உசுரு பிச்ச போட்டவள நோயின்னு சொல்லிட்டுத்தான் அந்த ஊருக்குப் போகணுமா?" என்று மாமியார் மூக்கைச் சிந்தினார். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல். ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைத்தால் என்ன?

மறுநாள் பாயின் ஆபீஸில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பாதியில் கரண்டு போய், கீழே தெருவில் "மீ லா பீ!", கரண்டு வந்துவிட்டது, என்று சத்தம் கேட்டபோது மறுபடி போன் திரையில் கம்பெனி அம்மாளின் முகம் வந்தது. அந்த அம்மாள் கோபமில்லாமல்தான் கேட்டாள்: உங்களுக்கு நோய் வந்ததா?

முதல் தாளில் அவர் சொல்ல வேண்டிய வார்த்தை இருந்தது. நாக்கு நுனியில்தான் இருந்திருக்கும். தாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "மெலவௌ."

பொய் சொன்னேன் என்று அர்த்தம். இரண்டாம் தாள்.

அட கடவுளே! மீன்காரியிடம்கூடப் பேரம் பேசத் தெரியாத மனுஷன். ஆத்தாளை நோய் என்று சொல்வதற்குப் பதில் தன்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டார். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். திரையில் அந்த அம்மாள் எதையோ எழுதக் குனிந்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். வேலை போயிருக்கும், புருஷன் வீட்டில் இருந்திருப்பார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. நுணலும் தன் வாயால் கெடும். போனைப் பிடுங்கி என் பக்கம் திருப்பினேன். "யிஸ் சிர்கோ" என்றேன். அவருக்கு நோய் வந்தது. பிறகு இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன்: வேப்பிலை, மஞ்சள், மூன்றாம் தண்ணீர், எங்கள் வீட்டில் அதற்கு நோய் என்று பேரில்லை என்பது. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். வீடு வரும் வரை எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார்.

வேலை கிடைத்தது, என் வீட்டுக்காரர் லித்துவேனியாவுக்குப் போய்விட்டார். பணம் வருகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய், சொன்னது நான்தான், அவரை ஒன்றும் செய்துவிடாதே தாயே என்று நிற்கிறேன். திரும்பி வந்தாலும் மனம் அடங்குவதில்லை.

நேற்றுப் போன் பேசினார். அங்கே பனி கொட்டுகிறதாம். குரல் அடைத்திருந்தது. பேச்சுக்கு நடுவே போனைக் கையால் பொத்துவதும் எடுப்பதுமாக இருந்தார். பொத்திக்கொண்டு இருமுகிறார் என்று தெரியாதா எனக்கு?

"என்னங்க, ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல புள்ள. நல்லாத்தான் இருக்கேன்."

அவருக்கு இப்போது பொய் சொல்ல வருகிறது.