மார்த்தாள் வேண்டாமென்ற கிரெடிட்

ஒருவர் வாழ்ந்ததைக் கேட்டு, அதில் எவ்வளவு படிப்பு என்று சொல்வது என் பிழைப்பு. எங்கள் கல்லூரியில் முன்அனுபவத்துக்கு கிரெடிட் தருகிறோம். ஒரு வேலையை ஏற்கெனவே செய்து கற்றிருந்தால், அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டாம். அப்படிக் கேட்டு வருபவர்களிடம் முதலில் பேசுவது நான்தான். அட்மிஷன் மேசைக்கு உள்பக்கம் உட்கார்ந்தவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

இங்கிலீஷுக்கும் வேண்டும்

எங்கள் பழைய தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் பகுதியிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூரு போகும் ஃபிட்டர் ஜார்ஜ், பிரமோஷனுக்காக டிப்ளமோ கேட்டு வந்தார். ஒர்க்‌ஷாப் பாடம் முழுவதற்கும் கிரெடிட் கிடைத்தது. இங்கிலீஷ் மட்டும் படித்தே ஆக வேண்டும் என்றேன். மனிதர் எழுந்திருக்கவில்லை.

"இத்தினி வருஷமா மேனேஜர்கிட்ட இங்கிலீஷ்லயே திட்டு வாங்கினு கீறேன், அதுக்கு ஒண்ணும் கெடையாதா மேடம்?"

வேலை கொடுத்தவர்

மார்த்தாள் அதே ஊரின் மைசூர் மைன்ஸ் பகுதியிலிருந்து வந்தார். கணவர் பக்கவாதத்தில் விழுந்தபின் படுக்கையிலேயே வைத்துப் பல வருஷம் பார்த்துக்கொண்டவர். கணவர் போய்விட்டார். பெங்களூருவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலை இருக்கிறது, நோயாளி பராமரிப்பில் டிப்ளமோ முடித்தால் எடுத்துக்கொள்வார்கள் என்றார்.

வீட்டில் பார்த்ததற்கு கிரெடிட் உண்டா என்று எங்கள் பிரின்ஸிபாலுக்கே சந்தேகம். செய்துகாட்டினால் தரலாம் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் முதலாளி யார் என்று பதிவில் சொல்ல வேண்டும். தயங்கித்தான் கேட்டேன். மார்த்தாள் தயங்கவில்லை.

"அவுரு பேரையே போட்டுக்கங்க மேடம், வேற யாரு எனக்கு அவ்ளோ வேலை குடுத்தாங்க?"

நான் நோயாளியான நாள்

செய்முறைத் தேர்வுக்குப் பொம்மை கிடைக்கவில்லை. நானே கட்டிலில் படுத்தேன். பரிசோதிக்க வந்தவர் கிறிஸ்டினா சிஸ்டர், ஆஸ்பத்திரியில் ரொம்ப காலம் இருந்த நர்ஸ். மார்த்தாள் என்னைப் புரட்டினார், எனக்கு அடியிலிருந்த விரிப்பை மாற்றினார். அந்தக் கைகளில் எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. சிஸ்டர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்து கஞ்சி ஊட்ட வேண்டும். மார்த்தாள் என்னை மல்லாக்கப் படுத்தபடியே விட்டு, ஸ்பூனை வாயருகே கொண்டுவந்தார். சிஸ்டர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வீட்லயும் இப்படித்தான் குடுத்தீங்களா?"

"ஆமா சிஸ்டர். தூக்கி உக்கார வெச்சா அவுருக்கு வலிக்கும்."

பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் சக்தி குறையும், படுக்கவைத்துக் கொடுத்தால் ஆகாரம் நுரையீரலுக்குள் போய்விடலாம் என்று சிஸ்டர் விளக்கினார். மார்த்தாள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார்.

"அவுரு நெஞ்சுச் சளியிலதான் போனாரு."

நான் எழுந்திருக்கவும் முடியாமல், படுத்திருக்கவும் முடியாமல் கிடந்தேன். அதனால் இல்லை என்று சிஸ்டர் ஒரு பொய்யாவது சொல்லமாட்டாரா என்றிருந்தது. அவர் சொல்லவில்லை. மார்த்தாளின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அதனாலதானான்னு எனக்குத் தெரியாதும்மா, நல்லா பார்த்துக்கிட்டாலும் அது வரும், ஆனா அவரை வீட்டுக்கு அனுப்பினப்பவே இதை உங்களுக்குச் சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது எங்கள மாதிரி ஆளுங்க."

வாபஸ்

ஊட்டும் பாடம் தவிர மற்றதற்கெல்லாம் கிரெடிட் கிடைத்தது. மார்த்தாள் அதைக் கேட்க வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அவர் வீட்டுக்கே போனேன். சர்ச்சுக்குக்கூடப் போகாமல் இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். மார்த்தாள் கதவைத் திறந்தார், டீ போட்டார். கிரெடிட் கிடைத்த விவரத்தைச் சொல்லி, டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

வகுப்புகள் தொடங்குகிற வாரம் அவரே வந்து நின்றார். கொடுத்த கிரெடிட் எதுவும் வேண்டாம், எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து படிக்கிறேன் என்றார். வேலைக்குப் போவது தள்ளிப்போகும், அதுவரை அந்த இடம் காத்திருக்காது என்று மன்றாடிப் பார்த்தேன்.

"நான் செஞ்சதுல எது சரி, எது தப்புன்னு மொத்தமா தெரிஞ்சாவணும் மேடம், தெரியாம இன்னொருத்தர் ஒடம்புல கை வெக்கமாட்டேன்."

ரயிலில்

அந்த இல்லம் காத்திருக்கவில்லைதான். படிப்பை முடித்ததும் மார்த்தாளுக்கு வேறொரு இடத்தில் வேலை கிடைத்தது. போன மாதம் பெங்களூரு ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தார். ராத்திரியில் தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். இப்போது கொஞ்சம் வருகிறது என்றார். வேலை எப்படி என்று கேட்டதும் முகம் மாறியது, குரலும் நிமிர்ந்தது.

"பேஷண்ட்ட வீட்டுக்குக் கூட்டினு போறவங்க, என் எதிர்ல ஒரு வாய் ஊட்டிக் காட்டணும் மேடம், அப்பறந்தான் வண்டி ஏத்த விடுவேன், அவங்க என்னைத் திட்டினாலும் சரி."

இப்போதெல்லாம் யாராவது என் மேசைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி "எனக்கு அனுபவம் நிறைய கீது மேடம்" என்றால், உட்காரச் சொல்வதற்கு முன்னால் எனக்குத்தான் ஒரு வாய் தண்ணீர் தேவைப்படுகிறது.