சரிந்த மண்ணும் கண்டனத் தீர்மானமும்

மதுரையில் கல்லூரியில் வாசித்த காலத்தில் மாணவர் சபை எனக்குத் தலைமை வகிக்கக் கற்றுக்கொடுத்தது. அதாவது, நாற்காலியில் உட்கார்ந்து மணியடிக்க.

ஒரு தசரா விடுமுறையில் சபைத் தோழர்கள் ஐந்து பேரைக் குரங்கணிக்கு மலை பார்க்க அழைத்துப் போனேன். வழியில் மண் சரிந்து பாதையை அடைத்திருந்தது. ஏலக்காய்ப் பொதிகளோடு இறங்கி வந்த கழுதைக்காரர் ஒருவர் தனியாக மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். மலை முகட்டில் வானம் கறுத்திருந்தது.

"மழை விழுந்தா காயெல்லாம் பூசணம் பூத்துப்போகும் அப்பு, வெரசா ஒரு கை கொடுங்க" என்றார்.

உடனே சபை கூடிவிட்டது. என்னைத் தலைவனாக ஒருவன் முன்மொழிந்தான், இன்னொருவன் வழிமொழிந்தான். முதலில் அகற்ற வேண்டியது கல்லா, மண்ணா என்பதில் இரண்டு திருத்தங்கள் வந்தன. கெஞ்சினேன், அதட்டினேன், ஒருவனும் குனியவில்லை. பொறுக்கமாட்டாமல் நானே மண் அள்ள ஆரம்பித்தேன். தலைவர் அலுவல் நடுவே எழுந்து போனது விதிமீறல் என்று கண்டனத் தீர்மானம் போட்டார்கள். எதிர்ப்பின்றி நிறைவேறியது.

"அவுக என்ன, மழை வராம இருக்க மந்திரமா சொல்றாக?" என்று கழுதைக்காரர் கேட்டார்.

அதற்குள் சாக்கின் மேல் தூறல் விழுந்தது. என் சட்டையைக் கழற்றி ஒரு பொதியை மூடினேன். மற்ற ஐந்து சட்டைகளும் விவாதத்தில் இருந்தன.